தலைக்கட்டு மண்

முன்னாடி ஏறிக்கங்க சார். பின் சீட்டுல சாக்கு கிடக்கு. வெறுஞ்சாக்குதான், ஆனாலும் தூசியா இருக்கும், நீங்க வேற வெள்ளைச் சட்டையில வந்திருக்கீங்க. ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வச்சிட்டேனா? மன்னிச்சுக்கங்க. காலையில இருந்து ஒரே அலைச்சல். எதுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க. ஆங், அம்புட்டுத்தான்.

எம் பேரு ஆண்டிச்சாமி. போன்ல பேசுனது நான்தான். ரோட்டுல நெடுங்கரைப்பட்டின்னு போர்டு பாத்தீங்கள்ல, அதான் எனக்குச் சொந்த ஊரு. அங்க வந்து பிளாட்டு ஆண்டி எங்கன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும். கம்பெனி வெளியூர்க் கம்பெனி. ஆனா உள்ளூர்ல எல்லாமே நான்தான். இடம் காமிக்கிறது நான், பத்திர ஆபீஸ்ல கூட நிக்கிறது நான், நாளைக்கு நீங்க வீடு கட்டும்போது கரண்டு ஆபீசுக்கு அலையப் போறதும் நான். வித்த பின்னாடி போனை எடுக்க மாட்டாய்ங்கன்னு சொல்வாங்கள்ல, அந்த ரகம் நான் இல்ல.

சாருக்கு எந்த ஊரு? சோழவந்தான் பக்கமா! அடேயப்பா. ஆத்துப் பாசனம்ல அங்கிட்டெல்லாம்? நெலம் நீச்சு ஏதும் இருக்கா? இருக்கா. சரி சரி. ரொம்ப நல்லது. அதை அப்புறம் பேசுவோம்.

மொதல்ல நம்ம இடத்தைப் பத்திச் சொல்லிர்றேன். அன்னலட்சுமி நகர், மொத்தம் நூத்தியெண்பது பிளாட்டு. முன்னாடி இது பூராம் நெல்லு வெளைஞ்ச வயக்காடு. அதை நான் மறைக்க மாட்டேன். சில பேரு தரிசுன்னு பொய் சொல்லி விப்பாய்ங்க. நான் உண்மையைச் சொல்லித்தான் விக்கிறது. வயக்காடுதான், களிமண்ணுதான். களிமண்ணு வீட்டுக்கு ஆகாது சார். மழை பேஞ்சா ஊதும், வெயில் அடிச்சா வெடிக்கும், அஸ்திவாரத்தையே ஆட்டி வச்சிரும். அதுலயும் எங்க ஊர் மண்ணு இருக்கே, படுமோசம். தின்னுட்டுத் துப்புன விதைகூட மொளைச்சு நிக்கும். எல்லைக்கல்லு ஊனிட்டு ஒரு மாசம் எட்டிப் பாக்கலைன்னா கல்லு எங்கன்னு தெரியாது, அம்புட்டுச் செடி. அப்படிப்பட்ட மண்ணை வச்சுக்கிட்டு எப்படிங்க பிளாட்டு விக்கிறது? அதனால மொத வேலையா மூணு ஜேசிபியக் கொண்டாந்து மேல ரெண்டடியைச் சுத்தமா வழிச்சு எடுத்துட்டோம். லாரி லாரியா செங்கல் சூளைக்குப் போச்சு. அப்புறம் டவுன்ல இடிச்ச கட்டட இடிசலைக் கொட்டி, மேல சரளை விரிச்சு, ரோலர் விட்டாச்சு. இப்ப வந்து பாருங்க, ஒரு புல்லு இருக்காது. அதுக்கு நான் கேரண்டி.

என்ன சார் கேட்டீங்க? வாழை, கருவேப்பிலையா? வீட்டம்மாவுக்கு ஆசையா? தாராளமா வைக்கலாம் சார். தொட்டியில வைக்கலாம். மண்ணு மட்டும் நீங்க கொண்டுக்கிட்டு வந்துரணும்.

இன்னொரு விசேஷம் இருக்கு. வேற எந்த லே-அவுட்டுலயும் இதைக் குடுக்க மாட்டாய்ங்க. இங்க பிளாட்டு வாங்குனா நீங்க வெறும் பிளாட்டுக்காரர் இல்ல, எங்க ஊர்க்காரர். எங்க ஊர்ல கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி குடுத்தாத்தான் காளியம்மன் கோயில் திருவிழாவுல பங்கு, திருநீறு, மரியாதை எல்லாம். வெளியூர்க்காரனை அதுல சேக்கவே மாட்டாய்ங்க. போன வருஷம் நான்தான் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனேன். "அன்னலட்சுமி நகர்ல இடம் வாங்குறவுகளும் நம்ம மக்கதான், அவுகளையும் தலைக்கட்டுல சேருங்கப்பா"ன்னு. ஏன், ஒரு விளம்பரம்தான். சொந்த ஊருன்னு சொல்லிக்க ஒரு ஊரு வேணும்னு அலையிற சனம் நெறைய இருக்கு சார். தீர்மானமே போட்டாச்சு. டோக்கன் பணம் போட்ட அன்னைக்கே தலைக்கட்டு. எவனுக்குச் சார் தோணும் இந்த ஐடியா?

அந்தத் திருவிழாவுலதான் சார் இப்ப எனக்கு ஒரு சிக்கல். சைட்டுக்குப் போக இன்னும் கால்மணி நேரம் ஆகும், மேம்பாலம் கட்டுறாய்ங்க. சொல்றேன் கேளுங்க.

எங்க காளியம்மனுக்கு முளைப்பாரிதான் பெருசு. உங்க பக்கமும் உண்டுல்ல? அதேதான். ஒம்பது நாளு. பொம்பளைக விரதம் இருந்து, சட்டியில மண்ணும் எருவும் போட்டு, நவதானியத்தைப் பரப்பி, இருட்டு வீட்டுக்குள்ள வச்சிருவாக. முத்துப் போடுறதுன்னு சொல்வோம். கோடாங்கி வெயிலுமுத்து மட்டும் வாயைக் கட்டிக்கிட்டு உள்ள போயி தண்ணி தெளிப்பாரு. வெளியில பொம்பளைக கும்மி கொட்டுவாக. பத்தாம் நாள் தூக்கிட்டு வந்தா முழங்கை ஒசரத்துக்கு வெள்ளை வெளேர்னு மொளைச்சு நிக்கும். எந்த வீட்டுச் சட்டி நல்லா வந்திருக்கோ அந்த வீட்டுக்கு அந்த வருஷம் நல்லது. வராத வீட்டைப் பத்தி ஊரு வாய்விட்டுப் பேசாது, ஆனா எல்லாரும் பாப்பாக.

மொதச் சட்டி எங்க வீட்டுச் சட்டி. நாலு தலைமொறையா. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம்தான் இப்ப தூக்குறது. இந்த வருஷம் அவ அதை மகளுக்காகப் போட்டா. எங்களுக்கு ஒரே மக, நாகஜோதின்னு பேரு, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். கல்யாணம் ஆகி எட்டு வருஷம். பாக்காத டாக்டர் இல்ல. ரெண்டு தடவை நின்னு கலைஞ்சு போச்சு. இப்ப ஏழாம் மாசம் நடக்குது. "சட்டி நெறைய மொளைக்க வையி தாயி, எம் மக வயித்துல இருக்கிறது நல்லபடியா வந்துரும்"னு வேண்டிக்கிட்டு முத்துப் போட்டா. அவ தைரியம் பூராம் அந்தச் சட்டிக்குள்ள இருக்கு சார்.

எப்பவும் கண்மாயில வண்டல் படிஞ்ச கரம்பை மண்ணு எடுத்துத்தான் போடுவாக. இந்த வருஷம் போய்ப் பாத்தா கரம்பை இல்ல. கண்மாய் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல, பத்திரத்துல எல்லாம் தெளிவா இருக்கு. நம்ம சைட்டுக்கு ரோடு வேணும்ல, அதுக்குக் கொஞ்சம் எடுத்தோம். ரோட்டை ஒட்டி ஆர்ச்சு. ஆர்ச்சை ஒட்டி ஆபீசு. மிச்சத்துல ஊரே குப்பையைக் கொட்டி வச்சிருக்கு. அதுக்கு நான் என்ன பண்றது? "ஏன் கவலைப்படுறீங்க, நம்ம பார்க்குல எடுத்துக்கங்க"ன்னு நானே ரெண்டு தட்டு வண்டி அனுப்பி வச்சேன். இனாமா. நாப்பத்தொரு சட்டிக்கும் என் செலவுல மண்ணு. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை முத்துப் போட்டாக.

அஞ்சாம் நாளு, சனிக்கிழமை, வெயிலுமுத்து வெளிய வந்தாரு. வாய்க்கட்டை அவுத்துட்டு என்னைத்தான் பாத்தாரு. "ஆண்டி, ஒண்ணுகூட மொளைக்கலப்பா."

நாப்பத்தொரு சட்டி சார். ஒண்ணுகூட இல்ல. சட்டியை வெளிய தூக்கிட்டு வந்து கொட்டுனா, தானியம் போட்டபடியே கிடக்கு, ஊறி நாத்தம் எடுத்து. உள்ள பூராம் காரையும் ஓட்டுச் சில்லும். ஒரு சட்டியில வயரு. எங்க வீட்டுச் சட்டியில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு குட்டித் தகடு. எடுத்துத் தொடைச்சுப் பாத்தா 'ஜி 14'. சினிமாக் கொட்டகை சீட்டு நம்பரு! டவுன்ல ஒரு பழைய தியேட்டரை இடிச்சாய்ங்கள்ல, அந்த இடிசல்தான் நம்ம பார்க்குக்கு வந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல நானும் பஞ்சவர்ணமும் மொதப் படம் பாத்தது அந்தத் தியேட்டர்லதான். எனக்குச் சந்தோசம் தாங்கல. "இந்தா புள்ள, நாம உக்காந்த சீட்டாக்கூட இருக்கலாம். நல்ல சகுனந்தான் இது"ன்னு சிரிச்சுக்கிட்டே காமிச்சேன்.

அன்னையில இருந்து எங்கிட்ட பேசுறதில்ல சார்.

ஒரு வார்த்தை இல்ல. சோறு வைக்கிறா, துணி தொவைக்கிறா, எல்லாம் சரியா நடக்குது. வாய் மட்டும் தெறக்க மாட்டா. இந்த ஊர்ல நாப்பத்தொரு தலைக்கட்டையும் பேசிப் பேசியே கையெழுத்துப் போட வச்சவன் நான். நாகமலையைக்கூட பேசி நகட்டிப்புடுவேன்னு கம்பெனி எம்.டி. சொல்வாரு. வீட்டுக்குள்ள போனா என் பேச்சு எடுபட மாட்டேங்குது.

அன்னைக்கே கோயில் முன்னாடி கூட்டம் கூடிருச்சு. விதை சரியில்லைன்னான் ஒருத்தன். எவளோ விரதத்தை முறிச்சுட்டான்னான் இன்னொருத்தன். நானும் அப்படித்தான் இருக்கணும்னு சொன்னேன். நகர்ல புதுசா ஒரு கோழிக்கடை தெறந்திருக்காய்ங்க, காப்புக் கட்டுன ஊருக்குள்ள கவுச்சி வாடை வந்தா சாமி கோவிக்காதா, சொல்லுங்க. கடைக்கு இடம் புடிச்சுக் குடுத்தது நான்தான், அது வேற விசயம். அந்த நேரம் பாத்து வெயிலுமுத்துக்குச் சாமி எறங்கிருச்சு. என்னா ஆட்டம்! ஆடிட்டு ஒரே வாக்குத்தான்: "பொய் மண்ணுல போட்டீங்கடா எம் முத்தை! தலைக்கட்டுக்காரன் நெலத்து மண்ணைக் கொண்டா. அவன் பேர்ல இருக்குற நெலத்து மண்ணைக் கொண்டா. வர்ற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் மறுமுத்துப் போடு. இல்லையின்னா எனக்குத் திருவிழாவே வேணாம்!"

அதாவது, நாளை கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை சார்.

சாமி கேட்டதுல தப்பில்ல. நான் சாமியைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா நாப்பத்தொரு தலைக்கட்டுல எவன் பேர்ல நெலம் இருக்கு? எல்லாத்தையும்தான் நல்ல விலைக்கு முடிச்சுக் குடுத்துட்டேனே. எனக்கா? என்ன சார் கேக்குறீங்க, மொதக் கையெழுத்தே நான்தான். நான் போட்டதைப் பாத்துத்தான் மத்தவய்ங்க போட்டாய்ங்க.

சரி, போன மண்ணைத் திரும்பக் கேட்டுப் பாப்போம்னு மறுநாள் ஞாயித்துக்கிழமை சூளைக்குப் போனேன். சூளைக்காரர் தங்கமான மனுசன். "அண்ணே, அது அப்பவே வெந்து போச்சுண்ணே. உங்க நகர்ல எழும்பிருக்குற எட்டு வீடும் அதுலதான் எழும்பிருக்கு"ன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு. பாத்தீங்களா, எங்க ஊர் மண்ணு எங்கயும் போகல, செவுத்துக்குள்ள பத்திரமா இருக்கு! ஒரு செங்கல்லைக் கேட்டு வாங்கிட்டு வந்து வெயிலுமுத்து முன்னாடி வச்சேன். "இது நம்ம மண்ணுதான். தட்டிப் பொடி பண்ணிச் சட்டியில போடுவோமா?" மனுசன் செங்கல்லைக் கையில எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்தாரு. "ஏம்ப்பா ஆண்டி, வறுத்த கடலையை ஊனி வச்சா மொளைக்குமா?"ன்னாரு. வெடுக்குன்னு பேசுறவருதான், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.

மறுநாள் டவுன்ல ஒரு நர்சரிக்குப் போனேன். அங்க ஒரு புள்ள, படிச்ச புள்ள, "அங்கிள், இப்பல்லாம் மண்ணே தேவையில்ல, தேங்கா நார்த் தூளு போதும், சுத்தமா இருக்கும், கை அழுக்காகாது"ன்னுச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. எம்புட்டு முன்னேறிருச்சு பாருங்க! ஒரு மூட்டை வாங்கிட்டு வந்து சோதனைக்கு ஒரு சட்டி போட்டேன். மூணே நாள்ல கிர்ருன்னு மொளைச்சு நின்னுச்சு சார். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, "இந்தா பாரு, பேசு இப்ப"ன்னேன்.

அவ வந்தா. சட்டியைப் பாத்தா. ஒத்தைக் கையில தூக்குனா. வெறும் முறத்தைத் தூக்குற மாதிரி மேல வந்துருச்சு. பாரிச் சட்டின்னா தலையில வச்சதும் கழுத்து உள்ள எறங்கணும், அந்தக் கனந்தான் அவுகளுக்குச் சாமி. அவ சட்டியைக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டா. பேசல. வெயிலுமுத்து மட்டும் எட்டிப் பாத்து, "தேங்கா நாருல மொளைச்சா தென்னந்தோப்புக்காரனுக்குத்தானய்யா மகசூல், உனக்கு எதுக்கு?"ன்னுட்டுப் போனாரு.

பாலம் வந்துருச்சு, புடிச்சுக்கங்க சார், குழியா இருக்கும்.

அப்புறந்தான் சோணைமுத்து ஞாபகம் வந்துச்சு. எம் பங்காளி. நாப்பத்தொண்ணுன்னு பெருமைக்குச் சொன்னேன், இவன் மட்டும் ஊர்லயே விக்க மாட்டேன்னு நின்ன ஒத்த ஆளு. நகருக்குப் பின்னாடி அவன் பேர்ல ஒரு ஏக்கரு இருக்கு. எம்புட்டுப் பேசிருப்பேன்! "டேய், நாலு பக்கமும் பிளாட்டு வந்துருச்சு, நடுவுல நீ மட்டும் நாத்து நட்டு யாருக்குடா குடுக்கப் போற"ன்னு. அசைய மாட்டேன்னுட்டான். சரி, அந்த வீம்பும் ஒரு நல்லதுக்குத்தான்னு வெள்ளிக்கிழமை போனேன். கௌரவம் பாக்கல சார். நாலு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல, இருந்தாலும் போய், "சோண, நாகஜோதிக்காக வந்திருக்கேன், நாலு சாக்கு மண்ணு குடு"ன்னு கேட்டேன்.

அவன் மம்பட்டியை எடுத்து எங்கையில குடுத்தான். "எங்க வேணாலும் வெட்டிக்க."

வெட்டுனேன். கரேர்னு வருது. நல்ல கறுப்பு இல்ல, சாக்கடைக் கறுப்பு. குப்புன்னு ஒரு நாத்தம், மூக்கைப் புடிச்சுக்கிட்டேன். ஒரு மண்புழு இல்ல. இன்னொரு எடத்துல வெட்டுனேன், அங்கயும் அதேதான். வரப்போரம் மட்டும் என்ன வாழுதாம், அங்கயும் அதே. "என்னடா பண்ணி வச்சிருக்க நெலத்தை?"ன்னு கோவமாத்தான் கேட்டேன்.

"நான் எங்கண்ணே பண்ணேன்? நீ ரோடு போட்டப்ப மடையை மூடுன. கண்மாய்த் தண்ணி நின்னுச்சு. உன் நகர்க் கழிவுத் தண்ணி வந்துச்சு. மூணு வருஷமா அதுதான் பாயுது. நான் இன்னும் விக்காமத்தான் வச்சிருக்கேன்"ன்னான்.

பாத்தீங்களா சார்? இதுதான் இவய்ங்க புத்தி. எல்லாப் பழியையும் தூக்கி அடுத்தவன் தலையில போடுறது. அன்னைக்கே வித்திருந்தா நெலம் கெட்டிருக்குமா? கெடுறதுக்கு நெலமே இருந்திருக்காதே! அதைச் சொன்னேன். மம்பட்டியை வாங்கி வச்சுட்டு, "நாகஜோதி எப்படிண்ணே இருக்கா?"ன்னு கேட்டான். நல்லாருக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்கிட்டாவது ரோட்டோரத்துல அள்ளிட்டு வந்து, இதான் தலைக்கட்டுக்காரன் மண்ணுன்னு சொல்லிறலாமான்னும் நெனைச்சேன். எவனுக்குத் தெரியப் போகுது? ஆனா பஞ்சவர்ணம் சட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொல்லுவா. வாயைத் தெறக்காமலே கையை நீட்டுவா, எனக்குத் தெரியும். மக வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு நான் எப்படி சார் பொய்ச் சத்தியம் பண்றது? பத்திர ஆபீஸ்னா வேற.

இன்னைக்குக் காலையில நகர்ல குடி வந்திருக்குற எட்டு வீட்டுக்கும் போனேன். எட்டுப் பேரும் தலைக்கட்டு குடுத்தவங்கதான். என்னோட ஐடியாதானே, அதுதான் இப்ப கை குடுக்கப் போகுதுன்னு சந்தோசமாப் போனேன். "சார், உங்க சொந்த ஊர்ல உங்க பேர்ல நெலம் இருக்கா?"ன்னு வீடு வீடாக் கேட்டேன். பேங்க்குக்காரரு ஒருத்தரு, வாத்தியாரு ரெண்டு பேரு, மிலிட்டரிக்காரரு ஒருத்தரு. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. அதை வித்துத்தான் சார் இதை வாங்குனோம். எட்டு வீட்டுலயும் காப்பி குடுத்தாங்க, மண்ணு இல்ல. அதான் வெறுஞ்சாக்கோட பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

இந்தா வந்துருச்சு சார், நம்ம ஆர்ச்சு. எப்படி? பேரைப் பாத்தீங்களா, தங்க எழுத்து. ரெண்டு பக்கமும் கையில நெல்லுக்கதிரோட அம்மன் சிலை. கதிரு பிளாஸ்டிக்குதான், ஆனா கழுவி விட்டாப் புதுசாட்டம் இருக்கும். அந்தா, ஊஞ்சல் தெரியுதுல்ல, அதுதான் பார்க்கு. பச்சையாத் தெரியுதே, அது விரிப்பு. ஒவ்வொரு பிளாட்டுக்கும் முப்பதடி ரோடு. எறங்க வேணாம் சார், வெயிலு கொதிக்கும். மரம் வச்சு வளந்த பின்னாடி எறங்கலாம்.

இருங்க சார், இஞ்சினை நிப்பாட்டிக்கிறேன். உங்ககிட்ட மனசு விட்டு ஒண்ணு கேக்கணும்.

உங்க சோழவந்தான் நெலம் உங்க பேர்லதான இருக்கு? ஒண்ணரை ஏக்கரா? நஞ்சையா? இப்ப என்ன போட்டிருக்கீங்க? நெல்லு அறுத்துட்டு உளுந்து தெளிச்சிருக்கீங்களா! மொளைச்சிருச்சா? ஆஹா. ஆஹா. நல்லா மொளைச்சிருச்சா.

சரி, விக்கலையே? ... ஓ. பேசி முடிச்சாச்சா. அதை வித்துத்தான் இதுக்கு... ஆமா, ஆமா, நல்ல முடிவுதான் சார், நான் தப்பே சொல்ல மாட்டேன். ஊர்ல போய் எவன் வெவசாயம் பாக்குறது. யாருக்கு முடிச்சிருக்கீங்க? பிளாட்டுக் கம்பெனிக்கா. என்னைக்குப் பத்திரம்?

புதன்கிழமையா! செவ்வாய்க்கு மறுநாளா!

சார், அந்தக் கையைக் குடுங்க. என் சாமி சார் நீங்க. ஆத்தாவே உங்களைப் பஸ் ஏத்தி விட்டிருக்கா. புதன்கிழமை வரைக்கும் அது உங்க பேர்ல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அது கம்பெனி நெலம், கம்பெனிக்கு ஏது சார் தலைக்கட்டு? கணக்காப் பாருங்க. இன்னைக்கு நீங்க எனக்கு ஒரு டோக்கன் போடுறீங்க. போட்ட நிமிசத்துல நீங்க நெடுங்கரைப்பட்டித் தலைக்கட்டு. தலைக்கட்டுக்காரர் பேர்ல இருக்குற நெலத்து மண்ணு. சாமி கேட்டது அப்படியே இருக்குல்ல? ஒரு எழுத்து மாறல. வெயிலுமுத்து வாயே தெறக்க முடியாது.

வெலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. மூலைப் பிளாட்டு, கெழக்குப் பாத்தது, யாருக்கும் குடுக்காம வச்சிருந்தேன், உங்களுக்குத்தான். முன்பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்குவோம். தலைக்கட்டு வரியை நானே கட்டிர்றேன். எனக்கு மண்ணுதான் வேணும்.

இப்பவே போவோம் சார், இதே வண்டியில. மம்பட்டி டிக்கியில கிடக்கு. நீங்க ஓரமா நெழல்ல நில்லுங்க, வெட்டுறது நான் வெட்டிக்கிறேன். உளுந்து மொளைச்சிருக்குற எடத்துலயே வெட்டுறேன், அந்த மொளையோட பஞ்சவர்ணத்துக்கிட்ட காமிக்கணும். சாக்கைத் தூக்கிப் பாத்தா அவளுக்கே தெரியும், கனத்துலயே தெரியும். ஒரு வார்த்தை பேசுனாப் போதும் சார். திட்டுனாக்கூடப் போதும். வீட்டுக்குள்ள பயமா இருக்கு சார் எனக்கு. சும்மா இல்ல, நெசமாவே பயமா இருக்கு. போன் அடிச்சாலே திருப்பூரோன்னு ஓடிப் போய்ப் பேரைப் பாக்குறேன்.

எத்தனை சாக்கா? நாப்பத்தொரு சட்டிக்கு நாலு சாக்கு போதும். ஆனா சார், புதன்கிழமைக்கு அப்புறம் அங்கயும் ஜேசிபி வந்துரும். நான் பாக்காததா, மொத வேலையே மேல ரெண்டடியை வழிக்கிறதுதான். அதனால ஒரு எட்டு சாக்கா அள்ளிருவோமே?

அடுத்த வருஷத்துக்கு நான் எங்க சார் போறது?